சல்வியாவைக் கொப்பு வெட்டிப் பெருக்குவது எப்படி?



பூசைக்குப் பூவும் முற்றத்துக்கு நிறமும் வேண்டி, நம்மில் பலர் ஆண்டுதோறும் பங்குனி, சித்திரையில் நாற்றுக் கடைகளுக்குப் போய்ச் சாடி சாடியாகக் கன்று வாங்கி வருகிறோம். ஆடி வெயிலில் பாதி போகும். தை மாத உறைபனியில் மீதி போகும். அடுத்த பங்குனியில் மறுபடியும் கடைக்குப் போகிறோம். செலவு ஒருபுறம் இருக்க, நன்றாகப் பிடித்து வளர்ந்த கன்று, பழகிய நிறம் மறுபடி கிடைக்காமல் போவதுதான் பெரிய நட்டம். இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. கன்று நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் கொப்பை வெட்டி வேர் பிடிக்க வைப்பது. இந்தப் பாடத்துக்குச் சல்வியாவை எடுத்துக்கொள்வோம். சுகர் லேண்ட் வெயிலையும் களிமண்ணையும் ஓரளவு தாங்குவது, கொப்பிலிருந்து இலகுவாக வேர்விடுவது, பூவும் நிறையத் தருவது என்பன காரணம்.

சல்வியா யார் வீட்டுப் பிள்ளை?

சல்வியா என்பது ஒரு செடியின் பெயரல்ல. ஏறக்குறைய ஆயிரம் இனங்களைக் கொண்ட ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். குணப்படுத்துதல் என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புதினா, துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவள்ளி ஆகியவை இதன் குடும்பத்தவை. துளசித் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நாலு பக்கம் உள்ள சதுரத் தண்டாக இருக்கும். இலைகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக இரண்டிரண்டாக வரும். சல்வியாவும் அப்படியே. கடைகளில் விற்கும் சியா விதையும் ஒரு சல்வியாவின் விதைதான். சமையலுக்குப் பயன்படும் ரோஸ்மேரியையும் தாவரவியலாளர்கள் 2017இல் சல்வியாக் கூட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

நம் பகுதி வீடுகளில் அதிகம் காண்பவை இவை:

சல்வியா கிரெகியை: சிறிய இலை, குச்சி போன்ற தண்டு, சிவப்பு, ரோசா, வெள்ளைப் பூக்கள். மேற்கு டெக்சாசுக்கும் மெக்சிக்கோவுக்கும் உரியது. ஜொசையா கிரெக் என்பவரின் பெயரைத் தாவரவியலாளர் ஏசா கிரே இதற்கு வைத்தார். கிரெக் சாந்தா ஃபே வணிகப் பாதையைப் பற்றி நூல் எழுதி 1844இல் வெளியிட்டவர். அதற்கு முன் அங்கு ஒரு வணிகரிடம் கணக்கெழுதியவர். கணக்கெழுதுபவர் பெயரில் ஒரு பூ இருப்பதில் அடியேனுக்குச் சிறிது பெருமை உண்டு.

சல்வியா லூக்காந்தா: வெல்வெட் துணி போன்ற ஊதாப் பூ. பகல் குறுகத் தொடங்கியபின், இலையுதிர் காலத்திலேயே பூக்கும். நவராத்திரி, தீபாவளி நாட்களில் முற்றத்தை நிறைப்பது இதுதான்.

சல்வியா பாரினேசியா: நீலக் கதிர் போன்ற பூ. டெக்சாசின் சொந்தச் செடி.

சல்வியா குவாரனிட்டிக்கா: தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கருநீலப் பூ. 'பிளாக் அண்ட் புளூ' என்ற பெயரில் விற்பார்கள்.

சல்வியா கொக்சீனியா: செம்பூ. இது விதையிலிருந்து தானாகவே முளைத்துப் பரவும். இதற்குக் கொப்பு வெட்டத் தேவையில்லை.

செப்டெம்பரில் மெக்சிக்கோவை நோக்கிப் போகும் ஹம்மிங் பறவைகள் நம் கரையோரப் பகுதியைக் கடந்துதான் போகின்றன. வளைகுடாவைத் தாண்டுமுன் அவை தேன் தேடி இறங்கும் பூக்களில் சல்வியா முக்கியமானது.

விதை இருக்கும்போது கொப்பு எதற்கு?

விதை இரண்டு பெற்றோரின் பிள்ளை. தாயைப் போலவே வரும் என்று உறுதியில்லை. கொப்பிலிருந்து வரும் கன்றோ அதே செடிதான்; நிறமும் உயரமும் குணமும் மாறாது. இதற்கு டெக்சாசிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தோட்டக்கலை வல்லுநர் கிரெக் கிராண்ட், மத்திய டெக்சாசில் ஒரு சிறிய மயானத்தில், ஹென்றி டூயல்பெர்க் என்பவரின் கல்லறையில், யாரும் பார்க்காமலே செழித்து நின்ற ஒரு நீலச் சல்வியாவைக் கண்டார். அதைப் பெருக்கி, கல்லறையில் இருந்தவரின் பெயரையே சூட்டினார். வெள்ளைப் பூ உள்ளதற்கு அவர் மனைவி ஒகஸ்டாவின் பெயர். இன்று பல தோட்டங்களில் நிற்கும் 'ஹென்றி டூயல்பெர்க்' அந்த மயானத்துச் செடியிலிருந்து வந்தது. 'இண்டிகோ ஸ்பயர்ஸ்' என்ற கலப்பினமோ விதையே கட்டாது. கொப்பு வெட்டுவோர் இல்லாவிட்டால் அது ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும்.

நாம் வாழும் ஊரின் பெயரும் இதைத்தான் சொல்கிறது. 1840களில் இங்கு கரும்புத் தோட்டங்கள் எழுந்ததால்தான் இது சுகர் லேண்ட். இம்பீரியல் சீனி ஆலை 2003இல் நின்றுபோனாலும் பெயர் நின்றுவிட்டது. கரும்பை யாரும் விதை தூவி நடுவதில்லை. கணு உள்ள தண்டைக் கரணையாக வெட்டித்தான் நடுவார்கள். வெட்டிய தண்டிலிருந்து எழுந்த ஊர் இது என்றால் மிகையல்ல.

கதியாலும் சல்வியாவும்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மாரி தொடங்கப் பூவரசு, கிளுவை, முருங்கைத் தடிகளை வெட்டி வேலிக்குக் கதியால் போடுவோம். அது தானாகத் துளிர்க்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சிலர் ஆறு மாதத்தில் திரும்பினார்கள். சிலர் இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார்கள். கூரையும் கதவும் போன வளவுகளில், எல்லை எது என்று காட்டக் கதியால்கள் மட்டும் மரமாகி நின்றதைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் கதியாலை நடுவது போலச் சல்வியாவை நட்டால் பிழைக்காது. வேறுபாட்டை விளங்கிக்கொள்வது முக்கியம். கதியால் முற்றிய தடி. அதனுள் மாப்பொருளும் நீரும் சேமிப்பில் இருக்கின்றன; இலை இல்லாததால் நீர் இழப்பும் குறைவு. வாரக்கணக்கில் அது தன் முதலைத் தின்று வாழும். சல்வியாக் கொப்பு இளந்தண்டு. சேமிப்பு மிகக் குறைவு. இலை இருந்தால்தான் உணவு கிடைக்கும். அதே இலை வழியாகத்தான் நீரும் வெளியேறும். வேர் இல்லாமல் நீரை உறிஞ்சுவதும் கடினம். வரவு நின்று செலவு தொடரும் நிலை அது. ஆகவே வேர் வரும்வரை செலவைக் கட்டுப்படுத்துவதே நம் வேலை. இலையைக் குறைத்தல், காற்றில் ஈரப்பதம் வைத்தல், நேர் வெயில் படாமல் காத்தல் எல்லாம் இதற்காகத்தான்.

வேர் எப்படி வருகிறது? நுனிக் குருத்தும் இளம் இலைகளும் ஒட்சின் எனும் ஓமோனை உண்டாக்குகின்றன. அது தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கும். தண்டை வெட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியின்றி வெட்டிய அடியில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் அங்குள்ள கலங்களை வேராக மாறத் தூண்டுகிறது. கணுவை ஒட்டிய பகுதியில் இது நன்றாக நடப்பதால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டச் சொல்கிறோம்.

எப்போது வெட்டலாம்?

நம் பகுதியில் இரண்டு பருவங்கள் ஏற்றவை. முதலாவது, மார்ச் கடைசி முதல் மே வரை. புதுத் தளிர்கள் நிறைய இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். இரண்டாவது, செப்டெம்பர் கடைசி முதல் ஒக்டோபர் முடிய. இது குளிர்காலக் காப்புறுதிக்கான வெட்டு. இக்கொப்புகளின் அடி சற்று முற்றியிருக்கும். மூன்று நாலு வாரம் எடுக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் தாய்ச்செடியே வெயிலில் வாடுவதால் அப்போது தவிர்ப்பது நல்லது.

தேவையான பொருட்கள்

கூர்மையான கத்தரிக்கோல் அல்லது பேனாக்கத்தி, அதைத் துடைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் 70 வீத அல்ககோல், அடியில் துளையுள்ள சிறு சாடிகள் அல்லது தயிர்க் கிண்ணங்கள், பேர்லைட், தும்புச் சோறு அல்லது பீற் மொஸ், தெளிந்த பொலித்தீன் பை அல்லது அடி வெட்டிய சோடாப் போத்தல், ஒரு பென்சில், பெயர் எழுதப் பட்டி. வேரூக்கித் தூள் விருப்பத்துக்குரியது. வாங்குவதானால் 0.1 வீத ஐ.பி.ஏ. உள்ள, இளந்தண்டுக்கான தூள் போதும். தேன், கறுவாத் தூள் என்பவை ஓமோன் அல்ல. அவற்றை வேரூக்கியாக நம்ப வேண்டாம்.

தோட்டத்துக் களிமண்ணை ஒருபோதும் சாடிக்குள் போடாதீர்கள். வெட்டிய அடிக்கு நீர் வேண்டியது போலவே ஒட்சிசனும் வேண்டும். களி இறுகி நீரைப் பிடித்துவைத்தால் அடி அழுகிவிடும். பேர்லைட் பாதி, தும்புச் சோறு பாதி என்பது பாதுகாப்பான கலவை. உரம் தேவையில்லை.

செய்முறை

1. முதல் நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாக நீர் விடுங்கள். மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன் வெட்டுங்கள்.

2. நோயில்லாத, பூவில்லாத கொப்பைத் தெரிவு செய்யுங்கள். வளைத்தால் வளைய வேண்டும். மேலும் வளைத்தால் முறிய வேண்டும். வெறுமனே துவளுவது மிக இளசு, வளையாதது முற்றல். பூவில்லாத கொப்பு கிடைக்காவிட்டால் பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். பூ இருக்கும்வரை உணவு அங்குதான் போகும்.

3. மூன்று முதல் நாலு அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். வெட்டியதை உடனே ஈரக் காகிதத்தில் சுற்றி நிழலில் வையுங்கள். ஒரு செடி முடிந்து அடுத்ததுக்குப் போகுமுன் கத்தியை அல்ககோலால் துடையுங்கள்.

4. கீழ்ப்பாதி இலைகளை நீக்குங்கள். மேலே இரண்டு மூன்று சோடி இலை போதும். லூக்காந்தா, குவாரனிட்டிக்கா போன்ற பெரிய இலைகளானால் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டிவிடுங்கள்.

5. தூள் பாவிப்பதானால் சிறிதளவை வேறாக எடுத்து அதில் அடியைத் தொட்டு, மேலதிகத்தைத் தட்டிவிடுங்கள். அதிகமானால் பயனில்லை, அடி கருகவும் கூடும். மீந்த தூளைத் திரும்பப் புட்டிக்குள் போடாதீர்கள்.

6. ஈரமான கலவையில் பென்சிலால் துளையிட்டு, குறைந்தது ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி கொப்பை வைத்து மெல்ல அழுத்துங்கள். நேரே குத்தினால் தூளும் போகும், தண்டின் தோலும் உரியும்.

7. நீர் தெளித்து, பையாலோ போத்தலாலோ மூடுங்கள். இலை பையில் முட்டாமல் இருக்கக் குச்சி நடலாம். வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். வடக்குப் பக்க யன்னல், மரநிழல், மூடிய தாழ்வாரம் எல்லாம் நல்லது. நேர் வெயில் பட்டால் மூடிய பைக்குள் கொப்பு வெந்துவிடும். மண்ணின் வெப்பம் பாரன்ஹீட் 70 முதல் 75 பாகை வரை இருந்தால் வேர் விரைவில் வரும்.

8. நாளுக்கொரு தரம் பத்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். லூக்காந்தா போன்ற பஞ்சு இலைகளில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றுக்கு இன்னும் சற்று அதிகமாகத் திறவுங்கள். கருகி விழும் இலையை உடனே அகற்றுங்கள்.

9. இரண்டு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடி கொடுத்தால் வேர் வந்துவிட்டது. புதுத் துளிர் மட்டும் சான்றல்ல; இருந்த சேமிப்பிலும் துளிர்க்கும்.

10. வேர் ஓர் அங்குலம் ஆனதும் நாலு அங்குலச் சாடிக்கு மாற்றி, நுனியைக் கிள்ளுங்கள். கிளைகள் பரவும். பின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்கும் காலை வெயிலுக்கும் பழக்கி நிலத்தில் நடுங்கள்.

தண்ணீர்ப் போத்தலில் போட்டால் வராதா என்று கேட்பவர்கள் பலர். குவாரனிட்டிக்கா, லூக்காந்தா போன்றவை தண்ணீரிலும் வேர்விடும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான வழி. ஆனால் அந்த வேர் எளிதில் முறியும். நீரை இரண்டு நாளுக்கொரு தரம் மாற்றி, வேர் ஓர் அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீளவிட்டால் மாற்றும்போது முறிந்து, எடுத்த சிரமம் வீணாகும்.

கணக்கு வையுங்கள்

தொழில் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு கொப்பியில் திகதி, இனம், வெட்டிய எண்ணிக்கை, வேர் பிடித்த எண்ணிக்கை, வைத்த இடம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். உதாரணமாக, ஏப்ரலில் பன்னிரண்டு வெட்டி ஒன்பது பிடித்தால் 75 வீதம். ஒக்டோபரில் பன்னிரண்டில் ஆறு பிடித்தால் 50 வீதம். இரண்டு ஆண்டு எழுதினால் உங்கள் வீட்டில் எந்த யன்னல், எந்த மாதம் நல்லது என்று உங்கள் கொப்பியே சொல்லும். நாலு கன்று தேவையென்றால் எட்டுக் கொப்பாவது வெட்டுங்கள். கிரெகியை போன்றவை சில ஆண்டுகளில் அடி முற்றிப் பூ குறையும். இதையும் தேய்மானமாக எண்ணி, பழையது ஓயுமுன் புதியதைத் தயார் செய்யுங்கள்.

சட்டமும் கவனமும்

சாடியின் பட்டியில் பி.பி. என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால் அது காப்புரிமை பெற்ற கன்று. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இவ்வுரிமை, இப்போது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். அக்காலத்துக்குள் உரிமையாளரின் அனுமதியின்றிக் கொப்பு வெட்டிப் பெருக்கக் கூடாது. ஆலய விற்பனைக்குக் கன்று தருபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே சொன்ன பழைய இனங்களில் காப்புரிமை இல்லாதவை ஏராளம். அவற்றையே தெரிவு செய்வோம்.

சல்வியா டிவினோரம் என்றொரு இனம் மனத்தை மயக்குவது. 2013 செப்டெம்பர் முதல் டெக்சாசில் தடைசெய்யப்பட்டது. அழகுக்கு வளர்க்கும் சல்வியாக்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிள்ளைகள் பெயரைக் கேட்டுக் குழம்பினால் விளக்கிச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைக் கன்றை இதே வழக்கத்தில் ஊரூராகக் கொடுக்காதீர்கள். அது எலுமிச்சைக் குடும்பம்; எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு இருப்பிடம். நம் ஃபோர்ட் பெண்ட் மாவட்டம் அந்நோய்க்கான கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறது. சந்தேகம் இருந்தால் ரோசன்பெர்க்கில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் விவசாய விரிவாக்க அலுவலகத்தில் கேட்கலாம்.

கொடுத்ததே மிஞ்சும்

2021 பெப்ரவரியில் வந்த பெருங்குளிர் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரமும் நீரும் இல்லாத அந்த வாரத்தில் ஹியூஸ்டன் பகுதியில் வெப்பநிலை பாரன்ஹீட் 20 பாகைக்கும் கீழே இறங்கியது. எங்கள் வீட்டு லூக்காந்தா வேரோடு போயிற்று. அதற்கு முந்திய ஒக்டோபரில் மூன்று வீடுகளுக்குக் கன்று கொடுத்திருந்தோம். இரண்டு வீட்டில் அவையும் போயின. மூன்றாவது வீட்டு அம்மா சாடியைக் கராஜுக்குள் இழுத்து வைத்திருந்தார். மே மாதம் அவர் கையால் நாலு கொப்பு திரும்பி வந்தது. இன்று எங்கள் முற்றத்தில் நிற்பவை அவற்றின் பிள்ளைகள். பிறகும் 2022 டிசம்பரில் உறைபனி வந்தது. 2025 ஜனவரி 21 அன்று வீதியெல்லாம் பனி மூடியது. இனியும் வரும்.

ஆகவே ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். விரும்பும் ஒவ்வொரு செடியிலும் எட்டுக் கொப்பு வெட்டுவோம். பிடித்ததில் ஒன்றை வீட்டுக்குள் வைத்து, மற்றவற்றை வேறு வேறு வீடுகளுக்குக் கொடுப்போம். ஒரே வளவில் பத்துக் கன்று இருப்பதைவிட மூன்று வளவில் ஒவ்வொன்று இருப்பது பாதுகாப்பு. வாங்குபவரின் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள். கடன் வசூலிக்க அல்ல. ஒருநாள் கேட்டுப் போகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

இந்தப் பாடம் துளசிக்கும் அப்படியே பொருந்தும். உறைபனி பட்டால் துளசி ஓரிரவில் கருகிவிடும். ஐப்பசியில் பூங்கதிரைக் கிள்ளி, மூன்று அங்குலக் கொப்புகளை மேலே சொன்ன முறையில் வைத்தால், மார்கழிப் பூசைக்கு வெயில் விழும் யன்னலோரத்தில் பச்சைத் துளசி இருக்கும். கற்பூரவள்ளி இன்னும் இலகு; மூடி கூடத் தேவையில்லை. முதல்முறை செய்பவர்கள் அதில் தொடங்கிக் கை பழகிய பின் சல்வியாவுக்கு வரலாம்.

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு பூசைக்கு வரும்போது, வீட்டில் மேலதிகமாக உள்ள கொப்புகளை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதிக் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் வெறுங்கையோடு போக வேண்டாம்.